நெற்றிக்கண்ணுக்கு எத்தனை லிட்டர்?

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் பச்சடிக்கு வேப்பம்பூ தேடிக்கொண்டிருந்தபோது என் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ராத்திரிக்குள் அதே வீடியோவைப் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் மூன்று பேர் ரிட்டயர்ட் பாங்க் ஆபீஸர்கள்.

ஆந்திராவில் கர்நூலுக்குப் பக்கத்தில் இருக்கும் சோதனைத் திடலில், நம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையான டி.ஆர்.டி.ஓ. லேசர் ஆயுதம் ஒன்றைச் சோதித்த படம் அது. மார்க்-2 ஏ என்று பெயர். 30 கிலோவாட் சக்தி. ஆளில்லா விமானத்தையும், கூட்டமாக வரும் ட்ரோன்களையும் சுட்டு வீழ்த்துமாம். செய்தது ஹைதராபாத்தில் உள்ள 'செஸ்' என்ற ஆய்வுக்கூடம். சதுரங்கம் இல்லை; உயர்சக்தி அமைப்புகள் மற்றும் அறிவியலுக்கான மையத்தின் சுருக்கப் பெயர்.

நான் சினிமா விமர்சனம் எழுதியவன். பழக்க தோஷம், இதையும் ஒரு படமாகத்தான் பார்த்தேன். படம் கச்சிதம். ஒரு வண்டி, அதன் மேல் உருண்டையாக ஒரு கண், தூரத்தில் ஒரு பறக்கும் பொருள், கொஞ்சம் புகை, விழுகிறது. முடிந்தது. பாட்டு இல்லை, பஞ்ச் டயலாக் இல்லை. ஆனால் எனக்கு வந்த பதினொன்றில் நாலைந்து பிரதிகளில் யாரோ புண்ணியவான் பின்னணி இசை சேர்த்து, வண்டியிலிருந்து விமானம் வரை சிவப்பாக ஒரு கோடும் வரைந்திருந்தார். அன்று ராத்திரி ஒரு டி.வி. சேனல் பச்சைக் கோடு வரைந்தது. இன்னொன்று நீலம். ஸ்டூடியோவில் அரிதாரம் பூசிய ஒருவர், 'இது பரமசிவனின் நெற்றிக்கண்' என்றார்.

அந்தக் கோடுதான் முதல் பொய்.

இந்த வகை லேசரின் ஒளி அகச்சிவப்பு. ஒரு மைக்ரான் சுமாருக்கு அலைநீளம். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றால் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். 'டிஷ்யூம்' எல்லாம் கிடையாது. நிஜ லேசர் ஆயுதத்தை வைத்து மாஸ் படம் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

இந்தக் கோடு போடும் வியாதி பழையது. தியோடர் மைமான் என்ற அமெரிக்கர் 1960 மே மாதம் ஒரு மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசரைக் கிளப்பினார். நாலே வருஷத்தில் ஜேம்ஸ் பாண்டை மேஜையில் கட்டிப்போட்டு 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் லேசரால் அறுக்க வந்துவிட்டார்கள். அந்தச் சிவப்புக் கதிர் பிறகு ஒட்டிச் சேர்த்தது. மேஜை பிளந்தது, அடியில் ஒரு ஆள் கேஸ் வெல்டிங் டார்ச்சோடு உட்கார்ந்து அறுத்ததால். 1977ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்து காற்றே இல்லாத விண்வெளியில் லேசருக்குச் சத்தமும் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், லேசர் பிறப்பதற்கு அறுபது வருஷம் முன்பே ஹெச்.ஜி.வெல்ஸ் தன் செவ்வாய்க் கிரகவாசிகளுக்குக் கொடுத்த வெப்பக்கதிர் கண்ணுக்குத் தெரியாதது. 19ம் நூற்றாண்டு நாவலாசிரியருக்கு இருந்த விஞ்ஞான மரியாதை 21ம் நூற்றாண்டு நியூஸ் எடிட்டருக்கு இல்லை.

போகட்டும், கோடுதானே என்று விட்டுவிடலாம். விட முடியாதது அடுத்த வரி. சோதனை பற்றிய அரசாங்க அறிக்கையிலேயே ஒரு சங்கதி இருந்தது: இதைச் சில விநாடிகள் சுடுவதற்கு ஆகும் செலவு, இரண்டு லிட்டர் பெட்ரோல் காசுதான். எல்லாப் பத்திரிகைகளும் இதைத் தலைப்பிலோ கட்டத்திலோ போட்டன. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் கேட்கலாம் என்று ஒரகடம் போனேன்.

* * *

ஏன் ஒரகடம்? லேசர் ஆயுதம் அங்கே செய்யவில்லை. ஆனால் லேசர் அங்கே தினமும் மூன்று ஷிஃப்ட் வேலை செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் வரை இருபக்கமும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் கம்பெனிகள். அவற்றுக்குப் பின்னால், மெயின் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமல், உதிரி பாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சின்ன ஷெட்டுகள். சீட்டுக்கு அடியில் போகும் பட்டை, பம்பரைத் தாங்கும் கொக்கி, எலெக்ட்ரிக் பேனலின் கதவு. இரும்புத் தகட்டில் இவற்றையெல்லாம் இப்போது வெட்டுவது ஃபைபர் லேசர். இழையாக நீட்டிய கண்ணாடிக்குள் யிட்டர்பியம் என்ற உலோகத்தைக் கலந்து, அதற்குள் ஒளியைப் பெருக்கி எடுக்கும் வித்தை. கர்நூல் மாதிரியான ஆயுதங்கள் உலகமெங்கும் இப்போது நம்பியிருப்பது பெரும்பாலும் இதே குடும்பத்து லேசரைத்தான். ஒரகடத்தில் இருப்பது வீட்டு நாய், அது வேட்டை நாய்.

தெரிந்தவர் மூலம் ஒரு ஷெட்டுக்குள் விட்டார்கள். சூப்பர்வைசருக்கு முப்பது வயதிருக்கும். தருமபுரிப் பக்கம், டிப்ளமா. ஆறு கிலோவாட் மெஷின். நிறக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். பத்து மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை, அம்மா கோலம் போடுகிற வேகத்தில் வெட்டிக்கொண்டு போனது.

"ஆறு கிலோவாட்டே இப்படி வெட்டுதே தம்பி, முப்பது கிலோவாட்னா என்ன ஆகும்?" என்றேன்.

"சார், வெட்டுறது பாதி லேசர், பாதி காத்து" என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். லேசர் இரும்பை உருக்கத்தான் செய்யும். உருகினதை ஊதித் தள்ளுவதற்கு ஆக்சிஜனோ நைட்ரஜனோ கூடவே பாய்ச்ச வேண்டும். "அது மட்டும் இல்ல சார். நாஸிலுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல ஒரு எம்.எம். கேப்தான். ஃபோகஸ் கொஞ்சம் மேல கீழ போச்சுன்னா வெட்டாது, சும்மா கருக்கிட்டுப் போகும்."

ஒரு மில்லிமீட்டர்! கர்நூலில் அது கிலோமீட்டர்.

பிறகு வீட்டைச் சுற்றிக்காட்டுகிற மாதிரி மெஷினைச் சுற்றிக்காட்டினார். லேசர் உற்பத்தியாகும் பெட்டி ஒரு சின்ன பீரோ சைஸ். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் அதைவிடப் பெரிய பீரோ. "ஆறு கிலோவாட் வெளிய வரணும்னா அதைப் போல மூணு மடங்கு கரன்ட் உள்ள போகணும் சார். மிச்சமெல்லாம் சூடு. சில்லர் நின்னா மெஷின் நின்னுடும்." வெட்டும் தலையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. அதில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். தூசி சூடாகி, கண்ணாடி வெடித்து, லென்ஸும் போய்விடுமாம். மாற்றுவதற்கு மூடிய பெட்டி, கையுறை, ஆபரேஷன் தியேட்டர் ஆசாரம்.

"செம்பு வெட்டுவீங்களா?"

"வெட்டலாம் சார். ஆனா பயந்துக்கிட்டே வெட்டணும். பளபளப்பு. அடிச்ச வெளிச்சம் திரும்பி சோர்ஸுக்கே வரும்."

"சோர்ஸ் எந்த ஊரு?"

"சைனா சார். முன்னாடி ஜெர்மனி, அமெரிக்கா. இப்ப இந்த ஏரியாவுல பெரும்பாலும் சைனாதான்."

அரை மணி நேரம்தான் இருந்தேன். லேசர் ஆயுதத்தின் அத்தனை கஷ்டங்களையும் அவர் சொல்லிவிட்டார்: ஃபோகஸ், சூடு, தூசி, பளபளப்பு, இறக்குமதி. டி.வி.யில் இரண்டு மணி நேரம் விவாதித்த நிபுணர்கள் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

* * *

இனி கணக்கு. பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

முப்பது கிலோவாட் என்பது, இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் பதினைந்து. ஐந்து விநாடி சுட்டால் மொத்தம் 150 கிலோஜூல். அந்தச் சக்தியைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரை 36 டிகிரி சூடாக்கலாம். அதாவது, ஒரு சொம்புத் தண்ணீர் காபிப் பதத்துக்கு வரும். இவ்வளவுதான் நெற்றிக்கண்!

சிரிக்க வேண்டாம். சாமர்த்தியம் சக்தியின் அளவில் இல்லை, அதை ஒரு புள்ளியில் குவிப்பதில் இருக்கிறது. குவிப்பது சுலபமில்லை. டார்ச்சை உள்ளங்கையில் அடித்தால் சின்ன வட்டம், எதிர்வீட்டுச் சுவரில் அடித்தால் பெரிய வட்டம். லேசர் ரொம்பக் குறைவாக விரியும், ஆனால் விரியும். முப்பது சென்டிமீட்டர் கண்ணாடியிலிருந்து கிளம்பும் கதிர், மூன்று கிலோமீட்டர் தாண்டும்போது, இயற்பியல் அனுமதிக்கிற உத்தமமான நிலையில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும். நிஜக் காற்றில் இன்னும் பெரிதாகும். ஒரகடம் ஜங்ஷனில் நின்றுகொண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஓடும் கம்பெனி பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஒரு நாணயத்தின் மேல், பஸ் குலுங்கினாலும் திரும்பினாலும் நகராமல் சில விநாடிகள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே இங்கே அலைந்தால் சூடு பரவிவிடும். ட்ரோன் வெயில் காய்ந்துவிட்டுப் போய்விடும். கர்நூலில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உண்மையான கைதட்டல் இதற்குத்தான். வாட்ஸ்அப் அன்பர்கள் இதற்குக் கைதட்டவில்லை, சிவப்புக் கோட்டுக்குத் தட்டினார்கள்.

நம்மவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு அளவுகோல்: 2017ல் சித்ரதுர்காவில் ஒரு கிலோவாட் லேசரைச் சோதித்தார்கள். 250 மீட்டர் தூரத்தில் இருந்த உலோகத் தகட்டில் ஓட்டை விழ 36 விநாடி ஆனது. அசையாத தகடு. எட்டு வருஷத்தில் அங்கிருந்து பறக்கிற விமானத்துக்கு வந்தது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி. ஜெனரேட்டர் அதில் கால்வாசியை மின்சாரமாக்கும். லேசர் அந்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒளியாக்கும். ஐந்து விநாடி சுட எவ்வளவு பெட்ரோல்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுமார் அறுபது மில்லிலிட்டர். இருமல் மருந்து பாட்டிலில் பாதி. சில்லர், ராடார், வண்டியை ஓடவிட்டுக் காத்திருக்கும் செலவு எல்லாம் சேர்த்துத்தான் இரண்டு லிட்டர் என்று சொல்லியிருப்பார்கள். ஆக அரசாங்கம் பொய் சொல்லவில்லை. தாராளமாகவே கணக்குப் போட்டிருக்கிறது.

பிறகு எனக்கு என்ன பிரச்னை? தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான்.

ஒரகடத்தில் கார் கம்பெனி வாசலில் நின்று, "இந்தக் கார் என்ன விலை?" என்று கேட்கிறீர்கள். "லிட்டருக்கு நூறு ரூபாய் சார்" என்கிறார் சேல்ஸ்மேன். என்ன நினைப்பீர்கள்? பதில் பொய் இல்லை. ஆனால் அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுவீர்கள்.

ஏவுகணை என்பது பட்டாசு மாதிரி. ஒன்றின் விலையில் எல்லாம் அடங்கிவிடும், வெடித்தால் போச்சு. லேசர் என்பது கார் மாதிரி. வண்டி, கண்ணாடிகள், குறிபார்க்கும் கேமரா, சில்லர், ஜெனரேட்டர், இவற்றைக் காப்பாற்றப் படித்த ஆட்கள் என்று முதலீடு எல்லாம் முன்னாலேயே போய்விடும். சுடுவது மட்டும் மலிவு. ஒரு நகரத்தைக் காக்க எத்தனை வண்டி வேண்டும், ஒரு வண்டி என்ன விலை, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதெல்லாம்தான் விலை.

இந்தப் 'பெட்ரோல் கணக்கு' நாம் கண்டுபிடித்ததும் இல்லை. 2014ல் அமெரிக்கக் கடற்படை 'போன்ஸ்' என்ற கப்பலில் ஒரு லேசரை ஏற்றிப் பாரசீக வளைகுடாவுக்கு அனுப்பியது. அதுவும் 30 கிலோவாட்தான். ஒரு தரம் சுட ஒரு டாலருக்கும் குறைவு என்றார்கள். 2022ல் இஸ்ரேல் பிரதமராக இருந்த பென்னட், தங்கள் லேசர் ஒரு தரம் சுட மூன்றரை டாலர் என்றார். 2024ல் பிரிட்டன் தன் 'டிராகன்ஃபயர்' லேசருக்குச் சொன்ன விலை பத்து பவுண்டு. ஆளுக்கொரு விலை, கேட்க மயிலாப்பூர் காய்கறிக் கடை மாதிரி இருக்கிறது. ஒரு டாலருக்குச் சுடும் ஆயுதம் கையில் இருந்தால் பத்து வருஷத்தில் கடற்படை முழுக்கப் பூட்டியிருக்க வேண்டாமோ? இன்னும் அமெரிக்காவில் லேசர் ஏறிய கப்பல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமென்றால், ரீகன். 1983 மார்ச்சில் டி.வி.யில் தோன்றி, சோவியத் ஏவுகணைகளை வானத்திலேயே அழிப்போம் என்றார். பத்திரிகைகள் அதற்கு 'ஸ்டார் வார்ஸ்' என்றே பெயர் வைத்தன. அந்தக் கனவின் வாரிசாக ஒரு போயிங் 747 விமானத்தின் மூக்கில் ராட்சச லேசரைப் பொருத்தினார்கள். 2010 பிப்ரவரியில் அது ஓர் ஏவுகணையை நிஜமாகவே சுட்டு வீழ்த்தியது. வீடியோவும் வந்தது. 2011 கடைசியில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். சுமார் 500 கோடி டாலர் செலவு. காரணம், எதிரியின் ஏவுகணையைச் சுட வேண்டுமானால் அந்தக் குண்டு விமானம் எதிரி வாசலில் வட்டமடிக்க வேண்டும். 'நான் இங்கே இருக்கிறேன், சுடு' என்பது போல. வீடியோவில் ஜெயித்து வாழ்க்கையில் தோற்ற ஆயுதம் அது.

* * *

அப்படியானால் லேசர் வீணா? இல்லை. இங்கேதான் நான் கட்சி மாறுகிறேன்.

2025 மே மாதம். ஆபரேஷன் சிந்தூர். மே 8 ராத்திரி பாகிஸ்தான் பக்கத்திலிருந்து 36 இடங்களைக் குறிவைத்து முந்நூறு, நானூறு ட்ரோன்கள் வந்ததாக நம் ராணுவமே சொன்னது. அவற்றை வீழ்த்தியதில் பெரும்பங்கு எதற்குத் தெரியுமா? எல்-70 என்ற பீரங்கி. ஸ்வீடன்காரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடிவமைத்தது. தாத்தா வயது. புதுக் கேமராவும் புது ராடாரும் மாட்டி, மூக்குக் கண்ணாடி போட்டுவிட்ட தாத்தாவாக நின்று சுட்டது. ஏவுகணைகளும் இருந்தன, ஆனால் ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒன்று என்று ஏவிக்கொண்டிருந்தால் கஜானா தாங்காது. உக்ரைனில் இதுதான் நடக்கிறது. ரஷ்யா அனுப்பும் ட்ரோன் சில பத்தாயிரம் டாலர். அதை அடிக்கும் பேட்ரியட் ஏவுகணை ஒன்று சுமார் நாற்பது லட்சம் டாலர். கொசு அடிக்கத் தங்க பேட்.

இந்த இடத்தில்தான் லேசருக்கு வேலை இருக்கிறது. தீராத தோட்டா. ஜெனரேட்டர் ஓடும்வரை சுடலாம். இஸ்ரேல் 2023ல் தொடங்கிய போரின்போது சின்ன லேசர்களை வைத்து லெபனான் பக்கமிருந்து வந்த ட்ரோன்களை நிஜமாகவே வீழ்த்தியது. அவர்களுடைய 100 கிலோவாட் 'அயர்ன் பீம்' 2025 டிசம்பரில் ராணுவத்தின் கைக்கு வந்தது. அவர்களும் பழைய ஏவுகணைகளைக் கடாசிவிடவில்லை. மேகம் வந்தால் லேசர் குருடு என்று தெரிந்து இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். 2025 ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் இரண்டு வகை ஏவுகணைகளையும் ஒரு லேசரையும் ஒரே கட்டுப்பாட்டு அறையின்கீழ் கட்டி, மூன்று இலக்குகளை ஒரே நேரத்தில் அடித்துக் காட்டினார்கள். ஆகஸ்ட் மாதம், கடற்கரை. கர்நூலின் காய்ந்த வானத்தைவிடக் கடினமான பரீட்சை. இந்தச் செய்தி எனக்கு இரண்டே பேரிடமிருந்து வந்தது. சிவப்புக் கோடு வரைய வசதி இல்லாத செய்தி போலும்.

* * *

இதில் ஸ்ரீபெரும்புதூருக்கு என்ன? நிறைய இருக்கிறது.

தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனைகள். 2024 ஜூலை 2 அன்று மூன்று சோதனைக் கூடங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்று ஆளில்லா விமானங்களுக்கு, கெல்ட்ரான் தலைமையில். இன்னொன்று மின்னணுப் போர்க் கருவிகளுக்கு, பி.இ.எல். பொறுப்பில். மூன்றாவது எலெக்ட்ரோ ஆப்டிக்ஸுக்கு, இந்தியா ஆப்டெல் பொறுப்பில். ட்ரோன் கூடத்துக்குக் குறித்த இடம் ஒரகடத்துக்குப் பக்கத்து வல்லம் வடகால் சிப்காட். மதிப்பு 45 கோடி. முக்கால் பங்கு வரை மத்திய அரசின் மானியம்.

ட்ரோனைச் சோதிக்க ஒரு கூடம், ட்ரோனைப் பார்த்துக் குறிவைக்கும் கண்ணைச் சோதிக்க இன்னொரு கூடம். டி.வி.யில் ஐந்து விநாடிகூட வராத சமாசாரம். என்னைக் கேட்டால் கர்நூல் வீடியோவைவிட இதுதான் முக்கியமான செய்தி. ஆயுதம் செய்கிறவனுக்கு முதல் தேவை, தான் செய்தது வேலை செய்கிறதா என்று மூன்றாம் மனிதர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது. ஒரு சின்னக் கம்பெனி லென்ஸ் தேய்த்தால், அதை எங்கே எடுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பது? இதுவரை தபாலில் அனுப்பி மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அந்த வட்டாரத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 2006ல் நோக்கியா வந்தது. உலகத்துக்கே செல்போன் செய்கிறோம் என்று பெருமைப்பட்டோம். ஆயிரக்கணக்கான பெண்கள் நீலச் சீருடையில் பஸ் ஏறினார்கள். 2014 நவம்பர் 1ம் தேதி கதவு சாத்தப்பட்டது. எட்டு வருஷத்தில் நாம் கற்றது கோர்ப்பது. சிப் எங்கிருந்தோ வந்தது, திரை எங்கிருந்தோ வந்தது, டிசைன் எங்கிருந்தோ வந்தது. நம் விரல்கள் மட்டும் உள்ளூர். அவர்கள் போனபோது அந்த விரல்களுக்கு வேறு வேலை தெரியவில்லை.

லேசரிலும் அதே கதை வருமா? இதுதான் எனக்குக் கவலை. உள்நாட்டில் வடிவமைத்த ஆயுதம் என்கிறார்கள், சந்தோஷம். அந்தக் கண்ணாடி இழை, அதற்கு ஒளி ஊட்டும் டயோடு, அந்தக் கண்ணாடிகளின் மேல் பூசும் பூச்சு, இவையெல்லாம் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால் எங்கே செய்வோம்? ஒரகடம் ஷெட்டில் தகடு வெட்டும் சோர்ஸே சீனாவிலிருந்து வருகிறபோது, எல்லைக்கு அனுப்பப்போகும் சோர்ஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் உரிமை வரி கட்டுகிறவனுக்கு உண்டு.

இன்னொன்று. கண். 1995லேயே, மனிதனை நிரந்தரமாகக் குருடாக்குவதற்காகச் செய்யும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்து சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ட்ரோனை அடிக்கும் லேசர் அந்தத் தடையில் வராது. ஆனால் ட்ரோனில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்கு ஒப்பந்தம் தெரியாது. 2025ல் சென்னையில் இறங்க வந்த விமானங்கள் மேல் யாரோ லேசர் அடித்து விமானிகள் தடுமாறியதைப் படித்திருப்பீர்கள். அது கையடக்கச் சமாசாரம். ஸ்ரீபெரும்புதூர் சென்னை விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரம். இந்த வட்டாரத்தில் உயர்சக்தி லேசரோடு யார் வேலை செய்தாலும், அந்தத் தருமபுரித் தம்பி நிறக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, ஊருக்கும் ஒரு நிறக் கண்ணாடி வேண்டும். விதிகள், நேரம், அறிவிப்பு, தொழிலாளியின் கண்ணுக்கு வருஷா வருஷம் பரிசோதனை.

'ராணுவ ரகசியம், கேட்கக் கூடாது' என்பார்கள். அலைவரிசையைக் கேட்கவில்லை, எத்தனை கண்ணாடி, எந்தக் கோணம் என்று கேட்கவில்லை. அடுத்த தரம் இப்படி ஒரு வீடியோ வந்தால் நாலு கேள்வி கேளுங்கள் என்கிறேன். எவ்வளவு தூரத்தில்? எத்தனை விநாடி பிடித்தபிறகு விழுந்தது? அன்றைக்கு வானிலை என்ன? வண்டி என்ன விலை, எத்தனை வாங்கப்போகிறீர்கள்? இந்த நாலில் இரண்டுக்காவது பதில் சொன்னால் எந்த எதிரிக்கும் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொன்ன ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவ்வளவெல்லாம் வேண்டாம். முதல் படிக்கட்டில் நின்று சொன்னால் போதும்.

அந்த டி.வி. நிபுணர் சொன்ன நெற்றிக்கண்ணுக்கு வருகிறேன். உவமை மோசமில்லை, ஆனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். நெற்றிக்கண்ணைத் திறந்தது ஒரு விமர்சகர் மேல். நக்கீரர். வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். சில்லருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ஆனால் விழுவதற்கு முன்னால் குற்றத்தைக் குற்றம் என்று சொல்லிவிட்டுத்தான் விழுந்தார்.

நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. பதினொரு பேருக்கும் பதில் அனுப்பினேன்: 'படம் நன்று. சிவப்புக் கோடு தேவையில்லை. பெட்ரோல் சரி, வண்டி என்ன விலை?'

ஒருவர் மட்டும் பதில் போட்டார். கட்டை விரல்.